நான்கு பேரும் திரும்ப வேண்டும்

1

இந்தக் குறிப்பை ஒரு தைரியத்தில்தான் எழுதுகிறேன். என் அண்ணை கிரிக்கெட்டைத் தவிர வேறு எந்த விளையாட்டைப் பற்றியும் ஒரு வரி வாசிக்க மாட்டார். கூடைப்பந்து என்ற சொல்லைக் கண்டதும் பக்கத்தைப் புரட்டிவிடுவார். ஆகவே முதலில் கூடைப்பந்தைப் பற்றியே கொஞ்சம் எழுதிவிடுகிறேன். அவர் போய்விட்டார் என்று எனக்கு நிச்சயமான பிறகு மற்றதைச் சொல்கிறேன். ஆட்களின் பெயர்கள் எல்லாவற்றையும் மாற்றியிருக்கிறேன், என்னுடையது உட்பட.

மொன்றியலில் ஒரு தொழில்முறைக் கூடைப்பந்து அணியின் அலுவலகத்தில் நான் வேலை செய்கிறேன். பந்தைக் கையால் தொட்டதில்லை. என் உயரத்துக்கு அந்த ஆட்களின் முழங்கையைப் பார்த்துத்தான் கதைக்கலாம். கணக்காளராகப் போய்ச் சேர்ந்தேன். அதுவும் லேசில் நடக்கவில்லை. ஊரில் எடுத்த வணிகப் பட்டத்தை இங்கே ஏற்றுக்கொள்ள வேண்டுமானால், படிப்பித்த பேராசிரியரின் கையெழுத்தோடு கடிதம் வேண்டும் என்றார்கள். பேராசிரியர் செத்துப் பல காலம். அதைப் பிரெஞ்சில் மரியாதையாக எப்படிச் சொல்வது என்று தெரியாமல், "பேராசிரியர் இப்போது வேலையில் இல்லை" என்று எழுதிப் போட்டேன். அவர் வேலைக்குத் திரும்பும்வரை என் விண்ணப்பத்தைத் திறந்தே வைத்திருப்பதாக அன்பாகப் பதில் எழுதியிருந்தார்கள். இன்றைக்கும் அது எங்கோ திறந்தபடிதான் இருக்கும்.

அணியில் என் வேலை ஆட்டக்காரர் பரிமாற்றம். எங்கள் லீக்கில் பணத்தை எண்ணிக் கொடுத்து ஆளை வாங்க முடியாது. ஓர் அணி தன் ஆட்களுக்குக் கொடுக்கும் மொத்தச் சம்பளத்துக்கு உச்சவரம்பு உண்டு. அதனால் ஆளைக் கொடுத்துத்தான் ஆளை எடுக்கலாம். போகிறவர்களின் சம்பளமும் வருகிறவர்களின் சம்பளமும் கிட்டத்தட்டச் சமமாக இருக்க வேண்டும். எங்கள் முகாமையாளர் ஜில் காலையில் கோப்பியோடு வந்து, "சுகந்தி, இவரைக் கொடுத்து அவரை எடுத்தால் எப்படி?" என்று கேட்பார். சுவரில் ஓர் இரும்புப் பலகை இருக்கிறது. ஒவ்வொரு ஆட்டக்காரருக்கும் பெயர் எழுதிய ஒரு காந்தத் துண்டு. நான் துண்டுகளை அங்குமிங்கும் நகர்த்திப் பார்த்து, விதி இடம் கொடுக்குமா கொடுக்காதா என்று சொல்வேன். அநேகமாக இல்லை என்றுதான் சொல்வேன். அலுவலகத்தில் எனக்கு மதாம் நோன் என்று பட்டப்பெயர். இல்லை என்று சொல்லும் அம்மணி.

கணக்கோடு வேலை முடிந்துவிடாது. வயது என்ன, முழங்கால் எப்படி, ஒப்பந்தம் இன்னும் எத்தனை வருடம் ஓடும், இவர் வந்தால் இங்கே யார் ஆடாமல் ஓரத்து வாங்கில் குந்த வேண்டும், பழைய அணியில் யாரோடு கோபம். எல்லாவற்றையும் நிறுத்துப் பார்க்க வேண்டும். எங்கள் ஊரில் கல்யாணத்துக்குப் பத்துப் பொருத்தம் பார்ப்பார்கள் என்று ஒருமுறை ஜிலுக்கு விளக்கினேன். அவர் சிரிக்கவில்லை, ஒவ்வொன்றாகக் கேட்டார். ரச்சுப் பொருத்தம் என்றால் ஆள் நின்று பிடிப்பாரா என்று பார்ப்பது என்றேன். "சரி, அதுதான் முழங்கால்," என்றார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நல்ல ஆட்டக்காரரை யாரும் தனியே தரமாட்டார்கள். வயது போன, ஒப்பந்தம் நீண்ட, எந்த அணிக்கும் வேண்டாத ஒருவரை அவரோடு சேர்த்துக் கட்டித் தருவார்கள். அவரையும் எடுத்தால்தான் இவர்.

2

அண்ணை இப்போது போயிருப்பார்.

எனக்கு நடந்தது மாற்றுச் சம்பந்தம். தமிழ்நாட்டில் பெண் கொடுத்துப் பெண் எடுப்பது என்பார்கள். தேவன் கனடாவுக்கு வந்து, பேப்பர் எல்லாம் சரியாகி, மொன்றியலின் லாசால் பகுதியில் வீடும் ஒரு தொழிற்சாலை வேலையுமாக இருந்தார். ஊரில் அவருடைய அக்கா வதனி. அவருக்குச் சாதகத்தில் செவ்வாய், வயதும் போய்க்கொண்டிருந்தது. கனடா மாப்பிள்ளை வேண்டுமென்றால் அக்காவையும் எடுக்க வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள். எங்கள் வீட்டில் அண்ணை இருந்தார். அண்ணை தலையாட்டினார். ஒரே நாளில், ஒரே மண்டபத்தில், காலையில் ஒரு தாலி, மத்தியானத்துக்கு முன் மற்றத் தாலி. நான் என்னை நினைத்து அழவில்லை, அண்ணையை நினைத்துத்தான் அழுதேன். எனக்காக அவரை யாருக்கும் வேண்டாத ஒரு பெண்ணோடு கட்டிவிட்டார்கள் என்று நினைத்தேன்.

தேவன் குடிப்பதில்லை, கை நீட்டியதில்லை. இப்படி எழுதினால் பிறகென்ன குறை என்று கேட்பீர்கள். ஊரில் சொந்தக்காரர் எல்லோரும் அதைத்தான் கேட்கிறார்கள். எனக்கு ஆத்திரம் வருவது அந்தக் கேள்வியில்தான். இருபது வருடத்துக்கு மேலாக அந்த மனுசன் என்னிடம் ஒன்றும் கேட்டதில்லை. புது ஃபிரிட்ஜ் வாசலில் வந்து நிற்கும்போதுதான் பழையதை மாற்றப் போகிறோம் என்று எனக்குத் தெரியும். பிள்ளையை எந்தப் பள்ளிக்கூடத்தில் சேர்ப்பது, எந்தக் கோடையில் ஊருக்குப் போவது, என் அம்மா செத்தபோது யார் போவது, எல்லாம் முடிவான பிறகுதான் என் காதுக்கு வரும். நான் கதைக்கும்போது தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டமாட்டார், குறைக்கவும் மாட்டார்.

ஒரேயொரு விஷயம் மட்டும் கேட்பார். அவருக்கு எங்கள் அணியில் பைத்தியம். லாசாலில் அவரோடு வேலை செய்யும் ஆட்கள் ஒரு வாட்ஸ்அப் குழு வைத்து, நாள் முழுக்க ஆட்டக்காரர்களை விற்று வாங்கிக்கொண்டிருப்பார்கள். பரிமாற்றக் காலம் வந்தால் தேவன் சோற்றுக் கோப்பையோடு என் எதிரில் வந்து இருப்பார்.

"இந்த முறை ஆரை விக்கப் போறியள்?"

"அது சொல்லேலாது எண்டு உங்களுக்குத் தெரியும்."

"புருசனுக்குமோ?"

"புருசனுக்குத்தான் முதல்ல சொல்லக்கூடாது எண்டு கையெழுத்து வாங்கியிருக்கினம்."

பிறகு இரண்டு நாளைக்கு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிவார். என்னிடம் கேட்கும் ஒரே விஷயம், நான் வாயைத் திறக்க முடியாத விஷயம். விதி என்னை நக்கலடிக்கிறது என்றுதான் சொல்ல வேண்டும்.

நான் அவரை விட்டுப் போக வேண்டும் என்று நினைக்கத் தொடங்கி நெடுங்காலம். ஏன் போகவில்லை என்றால், ஒருமுறை போய்ப் பார்த்தேன். மகள் அபி கைக்குழந்தையாக இருந்த நேரம். அவளைத் தூக்கிக்கொண்டு ஒரு சிநேகிதியின் வீட்டுக்குப் போய்விட்டேன். மறுநாளே அண்ணை தொலைபேசி எடுத்தார்.

"என்ன பிள்ளை அங்கை நடக்குது? இஞ்சை வதனி உடுப்புப் பையைத் தூக்கிக்கொண்டு தாய் வீட்டை போயிட்டா. நான் என்ன பிழை செய்தனான்?"

அண்ணையின் குரல் அப்படி உடைந்து நான் கேட்டதில்லை. அன்று பின்னேரமே லாசாலுக்குத் திரும்பினேன். அங்கே வதனியும் திரும்பிவிட்டார் என்று செய்தி வந்தது. மாற்றுச் சம்பந்தத்தின் சட்டம் எனக்கு விளங்கிவிட்டது. இந்தப் பக்கம் ஒன்று பிடுங்கினால் அந்தப் பக்கம் ஒன்று பிடுங்கப்படும். அதற்குப் பிறகு ஒருவரும் எனக்கு ஒன்றும் சொல்லத் தேவையிருக்கவில்லை.

இப்போது அபி வளர்ந்துவிட்டாள். இந்தக் கோடையோடு வேறு நகரத்துக்குப் படிக்கப் போகிறாள். ஆற்றுக்கு அக்கரையில், லொங்குய்யில், என் அலுவலகத்துக்கு நடை தூரத்தில் ஒரு வீட்டின் மேல்மாடியைப் பார்த்து வைத்திருக்கிறேன். இரண்டு அறை, பின்னால் ஒரு பல்கனி. இங்கே வீட்டு ஒப்பந்தம் எல்லாம் யூலை முதலாம் திகதியில்தான் மாறும். ஆனால் பதிலைக் குளிர்காலம் முடியுமுன் சொல்லிவிட வேண்டும். வீட்டுக்காரி மதாம் ஜினெத் நல்ல மனுசி, எனக்காக வைத்திருக்கிறாள். இதை எழுதும்வரை அவளுக்கு நான் பதில் சொல்லவில்லை.

3

தை மாதத்தில் எங்கள் கல்யாண நாள் வரும். நான்கு பேருக்கும் ஒரே நாள் என்பதால் ஒவ்வொரு வருடமும் வீடியோ அழைப்பில் சேர்ந்து கொண்டாடுவது வழக்கம். இங்கே ஒரு கேக், அங்கே ஒரு கேக். ஒன்று, இரண்டு, மூன்று சொல்லி ஒன்றாக வெட்ட வேண்டும். இணைய இழுபறியில் அங்கே வெட்டி முடிந்து கொஞ்ச நேரத்துக்குப் பிறகுதான் இங்கே தெரியும்.

இந்த வருடமும் நடந்தது. அண்ணை புதுச் சட்டையோடு, நெற்றியில் திருநீற்றோடு இருந்தார். ஊரில் இரும்புச் சாமான் கடை வைத்திருக்கிறார். நல்ல மனுசன், ஒரு ஈ எறும்புக்கும் தீங்கு நினைக்காதவர். வதனி பக்கத்தில் சிரித்தபடி நின்றார்.

"எப்பிடி மச்சான், உங்கட பந்தடி?" என்று அண்ணை தேவனைக் கேட்டார்.

"எங்கை, உங்கட தங்கச்சி ஒண்டும் சொல்லுறா இல்லை. எல்லாம் ரகசியம்," என்றார் தேவன்.

"அவள் சின்னனிலேயே அப்பிடித்தான். வதனி எண்டால் எல்லாம் சொல்லுவா." அண்ணை வதனியின் தோளில் தட்டினார். "இவ இல்லாட்டி எனக்கு ஒண்டும் ஓடாது, பிள்ளை. போடுற சேட்டு எங்கை கிடக்குது எண்டே தெரியாது. கடைச் சாவி எங்கை எண்டும் தெரியாது. இவ ரெண்டு நாள் இல்லாட்டி நான் செத்தன்."

எல்லோரும் சிரித்தோம். வதனியும் சிரித்தார். நான் சிரித்தபடியே யோசித்தேன்: வீட்டை எடுப்பதென்றால், இந்த மனுசனைத்தான் கொல்ல வேண்டும்.

அழைப்பு முடிந்ததும் அபி அறையிலிருந்து வந்து கேக்கை விரலால் தொட்டு நக்கினாள். அவள் என்னோடு பிரெஞ்சில்தான் கதைப்பாள். நான் தமிழில் பதில் சொல்வேன். இரண்டு பேரும் விட்டுக்கொடுப்பதில்லை. மேல்மாடி வீட்டை அவளுக்குக் காட்டியிருந்தேன்.

"அம்மா, உன்னை யாரும் பிடித்து வைக்கவில்லை," என்றாள் பிரெஞ்சில்.

"உன்ர மாமாவைப் பிடிச்சு வைச்சிருக்கினம்."

அவளுக்கு மாமா என்பவர் திரையில் கேக் வெட்டும் ஆள். எனக்காகத் தமிழுக்கு மாறினாள். கல்லுக் கல்லாய் அடுக்குவதுபோலத்தான் அவளுடைய தமிழ்.

"நீ அதை மாமாட்டைக் கேட்டனியோ?"

கோப்பைகளைக் கழுவப் போய்விட்டேன்.

4

அடுத்த வாரம் ஜில் மூன்று பரிமாற்றங்களைக் கொண்டு வந்தார். முதலாவதைச் சம்பளக் கணக்கு அடித்தது. இரண்டாவதில் வருகிறவர் எங்கள் பயிற்சியாளரோடு பழைய பகை உள்ளவர். மிஞ்சியது மூன்றாவது, இரண்டுக்கு இரண்டு.

வருவது மார்க்கஸ். புள்ளி குவிக்கிற ஆள், எல்லா அணிகளும் கேட்கிறார்கள். அவரோடு கட்டி வருவது ஜெரோம். வயது போய்விட்டது, வேகம் குறைந்துவிட்டது, ஒப்பந்தம் மட்டும் நீளமாகக் கிடக்கிறது. நாங்கள் கொடுப்பது எம்மானுவேலையும், எறிவதில் கெட்டிக்காரனான ஓர் இளம் பொடியனையும். எம்மானுவேல் எங்கள் லாசாலில் வளர்ந்தவர். அவருடைய தாய் இன்னும் அங்கேதான், எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கிறா. கடையில் என்னைக் கண்டால் தக்காளி விலை கதைப்பா.

நான் ஜெரோமின் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு நெடுநேரம் நின்றேன்.

"இவரை எடுத்தால் கடைசி மட்டும் இவரைக் காவிச் சுமக்க வேண்டும்," என்றேன்.

"மார்க்கஸ் வேண்டுமென்றால் இவரையும் எடுக்க வேண்டும்," என்றார் ஜில். "விதி இடம் கொடுக்குமா, இல்லையா?"

இடம் கொடுத்தது. மதாம் நோன் அன்றைக்கு ஓம் சொன்னாள். ஒப்பந்தம் எழுதினோம், நான்கு பேரும் புறப்பட்டார்கள். தேவனுக்கு வாட்ஸ்அப்பில்தான் தெரியவந்தது. "எம்மானுவேலைக் குடுத்திட்டியளே," என்று கேட்டுவிட்டு இரண்டு நாள் அல்ல, ஒரு கிழமை முழுக்க என்னோடு கதைக்கவில்லை. வழமையாகக் கதைப்பவர் என்றால் வித்தியாசம் தெரிந்திருக்கும்.

வந்து சேர்ந்தவர்களுக்கு வீடு பார்த்துக் கொடுப்பது, மனைவிக்கு வேலை அனுமதி எடுப்பது, பிள்ளையின் பெயரைக் கார்டெரி என்ற குழந்தைகள் காப்பகத்துக்குப் பதிவது, எல்லாம் என் மேசைக்குத்தான் வரும். மார்க்கஸ் வந்த நாளிலிருந்து முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. குளிர் என்றார், சாப்பாடு சரியில்லை என்றார், தன் ஏஜண்டோடு தொலைபேசியிலேயே இருந்தார். ஜெரோமோ என் மேசைக்கு வந்து இரண்டு கையாலும் என் கையைப் பிடித்தார். அவருடைய மனைவி மொன்றியலில் பிறந்தவளாம். தாய் ஆற்றுக்கு அந்தப் பக்கம் தனியே இருக்கிறாளாம். அவள் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு என் முன்னால் நின்று அழுதாள்.

"வீட்டுக்கு வந்துவிட்டோம்," என்றாள்.

எனக்கு வியப்பாக இருந்தது. யாருக்கும் வேண்டாமல் சேர்த்துத் தள்ளிவிடப்பட்ட ஆள் சந்தோஷமாக இருக்கலாம் என்று நான் எண்ணிப் பார்த்ததே இல்லை. அன்று முழுக்க எனக்கு வதனியின் சிரித்த முகம்தான் வந்து வந்து போனது. ஒருவேளை அண்ணை சொல்வதுபோல அங்கே எல்லாம் நல்லபடியாகத்தான் இருக்கிறதோ? நான்தான் வீணாகப் பயப்படுகிறேனோ?

5

எந்தப் பரிமாற்றத்திலும் கடைசியாக வைத்தியப் பரிசோதனை உண்டு. ஒருவர் தேறாவிட்டாலும் முழுப் பரிமாற்றமும் செல்லாது. எங்கள் இளம் பொடியன் அங்கே தேறவில்லை. முழங்காலுக்குள் ஏதோ கிழிந்திருக்கிறதாம். இங்கே இருந்தபோது சொல்லாமல் மறைத்து ஓடியிருக்கிறான்.

செய்தி வந்தபோது ஜில் கூட்டத்தில் இருந்தார். நான் ஒருவரையும் கேட்கவில்லை. ஒன்று கழன்றால் எல்லாம் கழலும் என்பது எனக்கு இரத்தத்தில் ஊறிய கணக்கு. நான்கு பேருக்கும் திரும்புவதற்கான விமான ரிக்கெட்டைப் பதிந்தேன். ஜெரோமுக்குப் பார்த்த வீட்டை வேண்டாம் என்று தரகரிடம் சொன்னேன். பிறகு ஜெரோமின் மனைவிக்குத் தொலைபேசி எடுத்து, பெட்டிகளை அவிழ்க்காமல் வையுங்கள் என்றேன். பின்னால் அவளுடைய தாய் யாரென்று கேட்பது எனக்குக் கேட்டது.

ஜில் வந்து பலகையைப் பார்த்தார். நான் நான்கு துண்டுகளையும் பழைய இடத்தில் வைத்திருந்தேன்.

"இது என்ன?"

"பொடியன் தேறவில்லை. நான்கு பேரும் திரும்ப வேண்டும்."

"யார் சொன்னது?"

"விதி."

ஜில் கோபப்படுகிற ஆள் இல்லை. அன்று கோப்பியை மேசையில் வைத்த வேகத்தில் அது தளும்பியது.

"சுகந்தி, நாங்கள் விரும்பினால் திருப்பலாம் என்றுதான் விதி சொல்கிறது. இரண்டு பக்கமும் சம்மதித்தால் அந்தப் பொடியன் மட்டும் வரட்டும், மற்ற மூன்று பேரும் நிற்கட்டும். அவனுக்குப் பதிலாக வேறு ஏதாவது கொடுத்துச் சரிக்கட்டலாம். இத்தனை வருடமாக இந்த வேலை செய்கிறாய். மற்றப் பக்கத்தை ஒரு வார்த்தை கேட்காமல் எப்படி எல்லோரையும் அனுப்பப் பார்த்தாய்?"

வேலையில் இப்படி ஒரு பிழை நான் விட்டதில்லை. விதியை நான் நூறு தடவை வாசித்திருப்பேன். சம்மதம் என்ற வரி அங்கேயே இருந்தது. என் கண்ணுக்கு அது படவேயில்லை.

ஜில் மற்ற அணியோடு பேசினார். அடுத்த வருடப் புது ஆட்டக்காரர் தேர்வில் எங்கள் முறை ஒன்றை விட்டுக்கொடுத்தோம், காரியம் முடிந்தது. மார்க்கஸ் நின்றார், ஜெரோம் நின்றார், பொடியன் ஊன்றுகோலோடு வந்து இறங்கினான். நான் ஜெரோமின் மனைவிக்கு மறுபடி எடுத்து, மன்னிக்க வேண்டும், பெட்டிகளை அவிழுங்கள் என்றேன். எம்மானுவேலை ஒருவரும் கேட்கவில்லை. திரும்பி வரலாம் என்று அரை நாள் சந்தோஷப்பட்டிருந்தாராம். தாய் அவருடைய அறைக்குப் புதுப் படுக்கை விரிப்புப் போட்டு வைத்திருந்தாவாம். கடையில் என்னைக் கண்டு சொன்னா. அன்று தக்காளி விலை கதைக்கவில்லை.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் ஜில் கேட்டதுதான் தலைக்குள் ஓடியது. என் மற்றப் பக்கம் யார்? அண்ணை இல்லை. அன்று பையைத் தூக்கிக்கொண்டு போனது வதனி. பிடித்து வைப்பதும் விடுவதும் வதனியின் கையில்தான் இருக்கிறது. இருபது வருடமாக அந்தப் பெண்ணிடம் நான் கேக்கின் ருசியைத் தவிர ஒன்றும் கேட்டதில்லை.

6

மறுநாள் காலையில் லொங்குய்ய் நிலையத்தில் மெட்றோவால் இறங்கி, அலுவலகத்துக்குப் போகாமல், மேலே பஸ் தரிப்பிடத்து வாங்கில் இருந்தேன். ஊரில் பொழுதுபட்டு விளக்கு வைக்கும் நேரம். அண்ணை கடையில் நிற்பார். வதனிக்கு எடுத்தேன்.

"மச்சாள், தனியவோ இருக்கிறியள்?"

"ஓம், அவர் கடையால வர இன்னும் கொஞ்ச நேரம் செல்லும். என்ன, குரல் ஒரு மாதிரிக் கிடக்கு?"

மெட்றோவில் வரும்போது பாடமாக்கி வைத்ததெல்லாம் மறந்துவிட்டது. நேரே சொன்னேன்.

"நான் உங்கட தம்பியை விட்டிட்டுப் போகப் போறன். இஞ்சை ஒரு வீடு பாத்து வைச்சிருக்கிறன். அவரில பெரிய பிழை எண்டு சொல்ல ஒண்டுமில்லை. எனக்கு மூச்சு முட்டுது. ஒண்டே ஒண்டுதான் உங்களைக் கேக்கிறன். நான் போனா, அதுக்காக நீங்கள் அண்ணையை விட்டிட்டுப் போகக்கூடாது. அவர் தாங்கமாட்டார். எனக்குச் சொல்லுங்கோ, நிப்பன் எண்டு."

தொடர்பு போய்விட்டதோ என்று திரையைப் பார்த்தேன். பிறகு மெல்லச் சிரிப்பது கேட்டது. கேக் வெட்டும்போது சிரிக்கும் சிரிப்பு இல்லை அது.

"சுகந்தி, அண்டைக்குப் பிள்ளையையும் தூக்கிக்கொண்டு சிநேகிதி வீட்டை போனனீர், ஞாபகமோ?"

"ஓம். அதாலதானே நீங்களும் கோவிச்சுக்கொண்டு..."

"கோவமோ? தம்பி போன் எடுத்துச் சொன்ன உடன நான் எவ்வளவு சந்தோசமா உடுப்பை அடுக்கினனான் எண்டு உமக்குத் தெரியுமோ? அவள் போயிட்டாள், இனி நானும் இஞ்சை இருக்கத் தேவையில்லை எண்டு அம்மாவுக்குச் சொன்னனான். அண்டிரவு அம்மா வீட்டில நிம்மதியா நித்திரை கொண்டன். விடிய, நீர் திரும்பிப் போயிட்டீர் எண்டு சொல்லிச்சினம். வேற என்ன செய்யிறது? நானும் வந்திட்டன்."

"அண்ணை உங்களுக்குக் கூடாமலோ நடந்தவர்?" என்றேன்.

"சீச்சீ, அவர் நல்லவர்தான். உம்மட ஆளைப்போல. சேட்டு எங்கை, சாவி எங்கை, கண்ணாடி எங்கை. எனக்கு என்ன வேணும் எண்டு ஒரு நாளும் கேட்டதில்லை."

ஒரு பஸ் வந்து, ஆட்களை இறக்கிவிட்டுப் போனது.

"நான் முதல்ல போனா, தம்பியின்ர குடும்பத்தைக் குலைச்சவள் எண்டு அம்மா சாகுமட்டும் திட்டுவா. நீர் முதல்ல போனா என்னை ஒருத்தரும் ஒண்டும் சொல்லேலாது. அதுதான் நான் இவ்வளவு காலமும் பாத்துக்கொண்டு இருந்தனான். நீர் பேசாமல் இருக்கிறதைப் பாத்து, உமக்கு அங்கை நல்ல வாழ்க்கை எண்டு நினைச்சு எனக்கு எவ்வளவு எரிச்சல் தெரியுமோ?" வதனியின் குரலில் ஓர் அவசரம் வந்திருந்தது. அந்தக் குரலில் அவரை நான் கேட்டதேயில்லை, இருபது வயது குறைந்ததுபோல இருந்தது. "சொல்லும், எப்ப போறீர்?"

நான் அவரிடம் கேட்க வந்தது, நிற்பேன் என்ற ஒரு வாக்கு. அவர் என்னிடம் கேட்டது ஒரு திகதி. யூலை முதலாம் திகதி என்று சொல்ல எனக்கு ஒரு மூச்சுப் போதும். சொன்னால் வதனி பெட்டியை இறக்குவார், நானும் இறக்குவேன், இரண்டு பெண்கள் வெளியே வருவோம். அண்ணை தன் வீட்டின் நடுவில் நின்றுகொண்டு, நான் என்ன பிழை செய்தனான் என்று கேட்பார். அதற்கு நான் என்ன பதில் சொல்வது? சொல்லாவிட்டால் வதனியை அங்கே பூட்டி வைத்திருப்பது நான்தான். இவ்வளவு காலமும் நான் பூட்டப்பட்டிருக்கிறேன் என்று நினைத்தேன். சாவியும் என்னிடம்தான் இருந்திருக்கிறது, அதைத் திருப்பத்தான் என்னால் முடியவில்லை. எனக்கு என்மேலும் எல்லோர்மேலும் ஒரு வெறுப்பு வந்தது.

"மச்சாள்," என்றேன்.

அந்தப் பக்கம் மோட்டார் சைக்கிள் வந்து நிற்கும் சத்தமும், வாசல் படலை திறக்கும் சத்தமும் கேட்டன.

"ஆர் போனில?" அண்ணையின் குரல்.

"சுகந்தி."

"இந்த நேரத்திலையோ? தாரும், தாரும். என்ன பிள்ளை, சுகமே? ஒரு பிரச்சினையும் இல்லையே?"

வதனி தொலைபேசியை அவர் கையில் முழுதாகக் கொடுக்கவில்லை போலிருந்தது. இரண்டு பேருடைய மூச்சும் கிட்டக் கிட்டக் கேட்டது. இருவரும் என் பதிலுக்காக நின்றார்கள். பிறந்ததிலிருந்து என்னைத் தெரிந்தவர் ஒருவர். மற்றவரை எனக்கு இன்றைக்குத்தான் தெரியும்.

"ஓம் அண்ணை," என்றேன். "நான் சுகமா இருக்கிறன்."